பாகப்பிரிவினையும் அல்ஜப்ருக் கணக்கும்

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டில் (கி.பி. 625) உஹதுப் போர்க்களத்தில் ஷஹீதான நபித்தோழர்களுள் மதீனாவைச் சேர்ந்த ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களும் ஒருவர். அன்னார் விட்டுச் சென்றவர்கள் மனைவி ஒருவர். பெண் மக்கள் இருவர். அன்னாரின் உடன்பிறந்தாரோ, சொத்து முழுவதையும் தமக்கே உரியதெனக் கைப்பற்றிக்கொண்டார். அவரைத் தனியே குறை கூறவும் இயலாது. வாளேந்திப் போரிட வல்லவனுக்கே சொத்து, பெண்ணுக்கும் சிறுவருக்கும் பாகமில்லை என்பதே அந்நாளைய அரபு மக்களின் வழக்கமாக இருந்தது.

கைம்பெண்ணாகி நின்ற அந்த அம்மையார் தம் இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமுகத்திற்கு வந்தார். இவர்களின் தந்தை தங்களோடு உஹதுக்கு வந்து உயிர் நீத்தார், இவர்களின் சிறிய தந்தை அனைத்தையும் எடுத்துக்கொண்டார், பொருளில்லாத பெண்களை யார் மணப்பார்கள் என்று முறையிட்டார். அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியருளினார்கள். அதன்பின் வாரிசுரிமை பற்றிய திருவசனம் இறங்கிற்று. உடனே அந்தச் சிறிய தந்தையை வரவழைத்து, பெண் மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பாகமும், அவர்களின் தாயாருக்கு எட்டில் ஒரு பாகமும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை நீர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆணையிட்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி திர்மிதீ, அபூதாவூத் ஆகிய ஹதீஸ் நூல்களில் இடம் பெற்றுள்ளது.

வாசக அன்பர்களே! இத்தீர்ப்பைச் சட்டமாகப் படிக்கிறோம், வரலாறாகவும் படிக்கிறோம். ஒரு கணக்காகவும் சற்றுப் படித்துப் பாருங்கள். ‘எஞ்சியது’ எவ்வளவு என்று அங்கே எண்ணால் கூறப்படவில்லை. அது நாம் கண்டறிய வேண்டிய ஒன்று. பாகம் என்பதன் முதல் எழுத்தைக்கொண்டு அதனை ‘பா’ என்று குறித்துக்கொண்டால், தீர்ப்பு முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது:

2/3 + 1/8 + பா = 1

இங்கே 1 என்பது முழுச் சொத்து. சொத்தை 24 கூறுகளாக வைத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு என்பது 16 கூறு. எட்டில் ஒன்று 3 கூறு. இரண்டும் சேர்ந்து 19. ஆகவே பா என்பது 24-இல் 5 கூறு. நேற்று வரை சொத்து முழுவதும் தமதென்றிருந்தவர், இன்று ஒரு கூட்டலின் கடைசியில் நிற்கும் அறியாத் தொகையாகிவிட்டார். அவருக்கு முன்னே மூன்று பெண்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குரியது போன பின்னரே அவருக்குரியது எவ்வளவு என்று சொல்ல முடியும்.

அறியாததற்கு ஒரு பெயரிட்டு, அறிந்தவற்றோடு சேர்த்துக் கூட்டி, முழுமைக்குச் சமமாக நிறுத்துவதுதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அஞ்சி நடுங்கும் அல்ஜீப்ரா. இயற்கணிதம் என்று தமிழில் வழங்குகிறோம். இந்தக் கலைக்கும் பராயிள் எனப்படும் பாகப்பிரிவினைக் கல்விக்கும் உள்ள உறவு நெருங்கியது.

திருக்குர்ஆனின் ‘அன்னிஸா’ அத்தியாயத்தில் 11, 12, 176-ஆம் வசனங்களில் வாரிசுகளுக்கென வகுக்கப்பட்டுள்ள பின்னங்கள் ஆறே ஆறு. அரை, கால், எட்டில் ஒன்று என்பன ஒரு வரிசை. மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்பன மற்றொரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் முன்னதன் பாதியே பின்னது. நம் தமிழில் முதல் வரிசைக்கு அழகான தனிப் பெயர்கள் உண்டு. எட்டில் ஒன்றை ‘அரைக்கால்’ என்று நம் பாட்டன்மார் வாயாலேயே சொல்லிக் கணக்குப் பார்த்தனர். பிள்ளைகளுள்ள மனைவியின் பாகம் அரைக்கால். பிள்ளையில்லாத மனைவிக்குக் கால். மூன்றில் ஒன்றுக்கோ ஆறில் ஒன்றுக்கோ அவ்வாறு ஒரு சொல் நம்மிடம் இல்லை. இரு வரிசைகளும் ஒரே குடும்பத்தில் கலக்கும்போதுதான் மனக்கணக்கு தடுமாறுகிறது; 24 என்னும் பொது எண் தேவைப்படுகிறது.

இத்தடுமாற்றத்தைத் தீர்க்க முனைந்தவர்களுள் தலையாயவர் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ. ஏறத்தாழ கி.பி. 780 முதல் 850 வரை வாழ்ந்தவர். அவர் பெயரிலுள்ள குவாரிஸம் என்பது ஆரல் ஏரிக்குத் தெற்கேயுள்ள பகுதி. கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீபா மஃமூனின் காலத்தில் பாக்தாதில் ‘பைத்துல் ஹிக்மா’ என்னும் அறிவகத்தில் இருந்து பணியாற்றினார். நம் நாட்டு எண்களைக்கொண்டு கணக்கிடும் முறை பற்றியும் தனி நூல் எழுதியவர். இன்று கணிப்பொறித் துறையில் வழங்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல் அவர் பெயரின் திரிபேயாகும்.

‘அல்ஜப்ர் வல் முகாபலா’ என்று அவர் எழுதிய நூலின் முன்னுரை கவனிக்கத்தக்கது. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வாணிபம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு நாள்தோறும் தேவைப்படும் எளிய கணக்குகளைச் சுருக்கமாகத் தொகுத்துத் தருவதே தம் நோக்கம் என்று அவர் குறிப்பிடுகிறார். பட்டியலில் முதலில் நிற்பது வாரிசுரிமை! நூலிலும் ஏறத்தாழப் பாதி மரண சாசனக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. கி.பி. 1145-இல் ஸ்பெயின் நாட்டு ஸெகோவியா நகரில் செஸ்டர் ராபர்ட் என்பார் இந்நூலை லத்தீனில் பெயர்த்தபோது, அந்தப் பாகத்தை விட்டுவிட்டார். சமன்பாடுகள் ஐரோப்பாவுக்குச் சென்றன. அவை யாருக்காக எழுதப்பட்டனவோ அந்தக் கைம்பெண்களும் அநாதைகளும் பாக்தாதிலேயே நின்றுவிட்டனர். 1831-இல் பிரெட்ரிக் ரோஸன் அரபு மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் லண்டனில் வெளியிட்ட பிறகுதான் மேலை நாட்டார் நூலின் மறுபாதியைக் கண்டனர்.

அந்நூலில் குறியீடுகள் எவையும் இல்லை. எண்களைக்கூடச் சொற்களாகவே எழுதியுள்ளார். அறியாத தொகையை ‘ஷைஉ’ என்று அழைத்தார். பொருள் என்பது அதன் அர்த்தம். தமிழில் ‘பொருள்’ என்றால் வஸ்து என்றும் செல்வம் என்றும் இரு கருத்துக்கும் பொருந்துவது ஒரு வசதிதான். அறியாத தொகைக்கு ‘எக்ஸ்’ முதலிய எழுத்துக்களை வழங்கும் பழக்கம் 1637-இல் டேக்கார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞரின் நூலிலிருந்து பரவியது. ஆகவே எழுத்தைக் கண்டு மிரளும் பிள்ளைகளுக்கு, எழுத்தே இல்லாமல் எண்ணூறு ஆண்டுகள் இக்கலை வாழ்ந்தது என்று சொல்லிக் கொடுங்கள்.

அவர் தரும் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒருவர் இறந்தார். மகன்கள் இருவர். கையிருப்பு பத்து திர்ஹம். மகன்களுள் ஒருவன் தந்தைக்குப் பத்து திர்ஹம் கடன்பட்டிருக்கிறான். தம் சொத்தில் மூன்றில் ஒன்றை வெளியார் ஒருவருக்கு அளிக்குமாறு தந்தை வசிய்யத் செய்திருக்கிறார். எவ்வாறு பிரிப்பது?

கடனையும் சேர்த்து இருபது என்று கொண்டால், மூவருக்கும் தலைக்கு ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வரும். வெளியாருக்கும் மற்ற மகனுக்கும் ரொக்கமாகவே பதின்மூன்று திர்ஹத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். பெட்டியில் இருப்பதோ பத்து. கடனைக் கணக்கிலேயே சேர்க்காமல் பத்தை மட்டும் பிரித்தாலோ, கடன்பட்டவன் கடனையும் வைத்துக்கொண்டு ரொக்கத்திலும் பங்கு பெறுவான். இரண்டும் நியாயமல்ல. கடனில் அவனுடைய சொந்தப் பங்குக்கு ஈடான அளவே சொத்தில் வந்து சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது ஆசிரியரின் அணுகுமுறை. மிச்சக் கடன் பற்றிய சட்ட விவாதத்துக்குள் நாம் இப்போது புக வேண்டாம்.

ஆனால் அவன் பங்கு எவ்வளவு என்பது மொத்தச் சொத்தைப் பொறுத்தது; மொத்தச் சொத்தோ அவன் பங்கைப் பொறுத்தது. ஒன்று தெரியாமல் மற்றது தெரியாது. இத்தகைய முடிச்சை அவிழ்க்கவே ‘பொருள்’ தேவைப்படுகிறது. கடனிலிருந்து வந்து சேரும் அளவு ‘பொ’ எனில், மொத்தச் சொத்து 10 + பொ. அதில் மூன்றில் ஒன்று வெளியாருக்கு. எஞ்சிய மூன்றில் இரண்டை இரு மகன்களுக்குப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் மொத்தத்தில் மூன்றில் ஒன்று. கடன்பட்டவனின் பங்கு ‘பொ’ என்றே முன்னர்ப் பெயரிட்டோம். ஆகவே மொத்தச் சொத்து அதைப் போல் மூன்று மடங்கு:

10 + பொ = 3பொ

இரு பக்கத்திலும் ஒரு ‘பொ’வை நீக்குங்கள். 10 = 2பொ. பொ என்பது 5. மொத்தச் சொத்து 15 திர்ஹம். வெளியாருக்கு 5, மற்ற மகனுக்கு 5. பெட்டியிலிருந்த பத்தும் அவர்களுக்குச் சரியாகப் போயிற்று. கடன்பட்ட மகனின் பங்கு 5 அவன் கடனிலேயே கழிந்தது. ஒருவருக்கும் ஒரு காசும் கூடவில்லை, குறையவில்லை.

இரு பக்கத்திலும் உள்ள ஒத்தவற்றை எதிரெதிரே நிறுத்தி நீக்கினோமல்லவா? அதுவே ‘முகாபலா’. ‘ஜப்ர்’ என்பது குறைபட்டதை நிறைவாக்குதல். முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவதற்கும் அரபியில் அதே சொல்தான். ஸ்பெயின் நாட்டில் எலும்பு முறிவு வைத்தியரை நெடுங்காலம் ‘அல்ஜெப்ரிஸ்தா’ என்றே அழைத்தனர். ஜப்ருக்கு நானே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். நூறு ரூபாயில் ஒரு தொகையை மருமகனுக்குக் கொடுங்கள், எஞ்சுவது அத்தொகையைப் போல் மும்மடங்காக இருக்கட்டும் என்று ஒருவர் சொல்லிச் செல்கிறார். 100 − பொ = 3பொ. இடப்பக்கத்து நூறு, ‘பொ’ குறைந்து முறிந்து நிற்கிறது. இரு பக்கமும் ஒரு ‘பொ’வைச் சேர்த்தால் நூறு முழுமை பெறுகிறது: 100 = 4பொ. மருமகனுக்கு 25. அது மூன்றில் ஒன்றுக்கு உட்பட்டதாகலின் சாசனம் செல்லும்.

மூன்றில் ஒன்று என்னும் அவ்வரம்பும் பேரம் பேசியதுபோல் வந்த ஒன்றே. நோயுற்றிருந்த ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தமக்கு ஒரு மகள் மட்டுமே இருப்பதால் சொத்தில் மூன்றில் இரண்டைத் தர்மமாக எழுதி வைக்கலாமா என்று வினவினார்கள். கூடாதென்று பதில் வந்தது. பாதி? அதுவும் கூடாது. மூன்றில் ஒன்று? அதற்கு இசைந்த நாயகம் (ஸல்) அவர்கள், அதுவே அதிகந்தான் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதினும் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்பது அங்கே கூறப்பட்ட காரணம்.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின்படி நம் நாட்டு முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கும் இந்நெறியே அடிப்படை. ஒரு கடைக்காரர் காலமானார் என்று கொள்ளுங்கள். மனைவி, ஒரு மகன், இரு மகள்கள். பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். விட்டுச் சென்றது 14,00,000 ரூபாய். அடக்கச் செலவு 40,000. கடைக்கடன் 3,00,000. மனைவிக்குக் கொடுக்காமல் நின்றுபோன மஹர் 1,00,000. இதுவும் கடனே, பாகமன்று. வசிய்யத் எதுவுமில்லை. ஆகப் பிரிக்கத்தக்கது 9,60,000. மனைவிக்கு அரைக்கால், அதாவது 1,20,000. மீதி 8,40,000.

ஒரு மகளின் பங்கு ‘பா’ எனில் மகனின் பங்கு 2பா. எழுதிக் கூட்டுங்கள்:

2பா + பா + பா = 8,40,000

4பா = 8,40,000. பா = 2,10,000. மகள்களுக்குத் தலா 2,10,000, மகனுக்கு 4,20,000. தாயின் பாகத்தையும் சேர்த்துக் கூட்டினால் 9,60,000 சரியாக வருகிறது.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். மூத்த மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, நகையும் சீரும் அவளுக்குத்தான் நிறையப் போயிற்று என்று யாரோ ஒரு பெரியவர் சொல்ல, அவளை விட்டுவிட்டு எழுதுகிறோம். 2பா + பா = 8,40,000. பா = 2,80,000. மகனுக்கு 5,60,000. தாய்க்கு 1,20,000. கூட்டிப் பாருங்கள். அதே 9,60,000! ஒரு ரூபாய் பிசகில்லை. சரிபார்த்தலில் தேறிவிட்டது. ஆனால் ஒரு பெண்ணின் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் காணாமற் போயிற்று.

கணக்கு, தான் எழுதப்பட்டவாறே தீர்கிறது. யாரை எழுதாமல் விட்டோம் என்பது அதற்குத் தெரியாது. ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் உடன்பிறந்தாரும் பிழையாகக் கூட்டவில்லை; முழுச் சொத்து = என் பாகம் என்று அவர் எழுதிய வரியில் இடமும் வலமும் சமமாகவே இருந்தன. ஆகவே தீர்ப்பதற்குக் கணக்கர் போதும். எழுதுவதற்குத்தான் அமானிதம் வேண்டும். சகோதரி கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று மகிழ்கிற சகோதரர்களை நம்மூர்களில் காண்கிறோம். எழுதாத கணக்கில் இட்ட கையெழுத்து எதை விட்டுக்கொடுத்தது? தன் பங்கு இவ்வளவு என்று எண்ணால் அறிந்த பிறகு அவள் மனமுவந்து கொடுத்தால் அது கொடை. அறியாமல் விட்டதைக் கொடை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. திருமண வேளையில் தந்தை உயிரோடிருந்து அன்பளிப்பாகக் கொடுத்த நகையும் பாகத்தில் கழிக்கத்தக்கதன்று. அது அவர் வாழ்நாளில் கொடுத்து முடித்த பொருள்.

நேர்மையாக எழுதியும் கணக்கு முழுமைக்குள் அடங்காத நேரமும் உண்டு. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் கணவனையும் இரு சகோதரிகளையும் விட்டு ஒரு பெண் இறந்தார். கணவனுக்கு அரை, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. ஆறு கூறுகளில் 3 + 4 = 7! இருப்பதோ ஆறு. யாரை முற்படுத்துவது, யாரைப் பிற்படுத்துவது? தோழர்களைக் கலந்து ஆலோசித்த கலீபா அவர்கள் ஒருவரையும் வெட்டவில்லை. ஆறு கூறு ஏழாக ஆக்கப்பட்டது. 3பா + 4பா = முழுச் சொத்து. கணவனுக்கு ஏழில் மூன்று, சகோதரிகளுக்கு ஏழில் நான்கு. குறைவை அனைவரும் தத்தம் பங்கின் விகிதப்படி ஏற்றனர். ‘அவ்ல்’ என்று இதற்குப் பெயர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இதில் மாறுபட்ட கருத்துக் கொண்டிருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான இமாம்கள் அவ்ல் முறையையே ஏற்றனர்.

இவ்வகைக் கணக்குகளுள் புகழ் பெற்றது ‘மிம்பரிய்யா’. ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரின் மீது நின்று குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தார்கள். மனைவியும் இரு மகள்களும் தாயும் தந்தையும் உள்ள ஒருவரின் சொத்தைப் பற்றி இடையில் ஒருவர் வினவினார். 24 கூறுகளில் மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, தாய்க்கு 4, தந்தைக்கு 4. கூட்டினால் 27. இருபத்து நான்கில் மூன்றாயிருந்தது இருபத்தேழில் மூன்றாகிறது. ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் ஏடும் எழுதுகோலும் கேட்கவில்லை. அந்த மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று அங்கேயே விடையிறுத்து, நிறுத்திய இடத்திலிருந்து குத்பாவைத் தொடர்ந்தார்கள் என்று பராயிள் நூல்கள் கூறுகின்றன.